நகராத காகிதமும் முப்பத்தொன்பது வலது கைகளும்

தாய்பின்,
இரண்டாம் மாதம், பௌர்ணமிக்கு மறுநாள்

அன்பு மகள் லுவாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இரண்டு வாத்துகளும் நாயும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். என் மானம்தான் போன வியாழக்கிழமை கீழே விழுந்து கொஞ்சம் சிராய்த்துக்கொண்டது, மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. உன் பக்கம் பனி விலகி வெயில் தலைகாட்டியிருக்கும், அதற்காக அந்தத் தடித்த மேல்சட்டையை அவசரப்பட்டுக் கழற்றிவிடாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். முகம் பார்த்துப் பேசப் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நீ நினைப்பாய். அந்தப் போனில் அம்மாவின் முகம் முழுசாக வரும், என் பங்குக்கு ஒரு காதும் பாதி நெற்றியும்தான் வரும், அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய அவமானத்தை எப்படிச் சொல்லி முடிப்பது. அதுவுமில்லாமல் அம்மா பக்கத்தில் இருந்தால் கதை பாதி போகும்போதே சிரித்து முடிவைச் சொல்லிவிடுவாள். ஆகவே எதிர்வீட்டுப் பெண் அடுத்த வாரம் ஜப்பான் திரும்பும்போது அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அம்மா வறுத்த பன்றி இறைச்சித் துருவல் ஒரு டப்பா வரும். முதலில் கடிதத்தைப் படி, டப்பாவை அப்புறம் திற, இல்லாவிட்டால் தாளெல்லாம் மீன்சாறு வாசனை அடிக்கும்.

இங்கே நோம் வந்துவிட்டது. கடலிலிருந்து வருகிற அந்த ஈரக்காற்று இந்த வருஷம் புத்தாண்டு முடிந்த கையோடு வந்து உட்கார்ந்துகொண்டு, போகிற எண்ணமே இல்லாமல் இருக்கிறது. தரை வியர்க்கிறது, சுவர் வியர்க்கிறது, துவைத்த துணி நாலு நாளாகக் கொடியில் கிடந்து நாறுகிறது, அலமாரியில் இருக்கிற என் கல்யாணக் கோட்டில் காளான் முளைக்காத குறைதான். இப்படிப்பட்ட மாதத்தில்தான் ஏழாம் வகுப்பில் நிலைமின்சாரப் பாடம் வருகிறது. ஸ்கேலைக் கம்பளித் துணியில் தேய்த்துக் காகிதத் துணுக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் துணுக்கு துள்ளி வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் ஸ்கேலின் மேல் ஈரம் படிந்திருந்தால் தேய்க்கிற மின்னூட்டமெல்லாம் அந்த ஈரத்தின் வழியாகவே வழிந்து போய்விடும், காகிதம் படுத்த இடத்தில் படுத்திருக்கும். இருபத்தாறு வருஷமாக நான் இதை ஒரே வழியில்தான் சமாளித்து வந்தேன். புத்தகத்தில் இருக்கிற படத்தைக் காட்டி, வீட்டில் போய்ச் செய்து பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். வீட்டிலும் நோம்தான் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அங்கே மணிக்கட்டில் பட்டையும் கம்பியும் கட்டிக்கொண்டு, மின்பலகைமேல் ஒரு துளி நிலைமின்சாரம்கூடச் சேராமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறாய். உன் அப்பா இங்கே அதில் ஒரு துளியையாவது உண்டாக்க முடியாமல் சம்பளம் வாங்குகிறேன். குடும்பத்தில் யாராவது ஒருத்தருக்கு அது அடங்கினால் சரி.

இந்த வருஷம் படத்தைக் காட்டித் தப்பிக்க முடியாமல் போனதற்குக் காரணம் பள்ளிக்கூடங்களைச் சேர்ப்பதுதான். நம் ஊர்ப் பள்ளியையும் பக்கத்து ஊர்ப் பள்ளியையும் வருகிற ஆகஸ்டிலிருந்து ஒன்றாக்குகிறார்கள். இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் இருக்கிறோம், நாற்காலி ஒன்றுதான். ஒருவர் இங்கே இருக்கலாம், இன்னொருவர் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கடல் அணைக்கரைப் பள்ளிக்குப் போக வேண்டும். இருவர் வகுப்பையும் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், மார்க் கூடுதலாக வாங்குபவருக்கு நாற்காலி. பக்கத்து ஊர் ஆசிரியை உன் வயதுப் பெண், சுறுசுறுப்பானவள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் இரண்டும் வானிலை அறிக்கை வாசிக்கின்றன, மோட்டார் சைக்கிளுக்கு என்னைவிட வயதாகிவிட்டது. அதோடு பள்ளி வாசலில் அம்மாவின் கரியடுப்பு இருக்கிறது. மத்தியானம் மணி அடித்ததும் நான் போய் அவள் சுட்ட சோளத்தில் ஒன்றைக் கடித்துக்கொண்டு நிற்பதும், கருகினதை மட்டும் அவள் எனக்குத் தருவதும் பதினெட்டு வருஷப் பழக்கம். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் நான் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டது பாதிக்கு மேல் அந்தச் சோளத்துக்காகத்தான்.

ஆசைப்பட்டவன் என்ன செய்தேன் கேள். தலைமை ஆசிரியை கூக் என்னைக் கூப்பிட்டு, "சார், இப்பல்லாம் படம் காட்டினா மார்க் போட மாட்டாங்க, பிள்ளைங்க கையாலயே சோதனை செய்யணும்"னு சொன்னார். நானும் வீராப்பாகச் சரி என்றுவிட்டேன். ஸ்கேல்கள், கம்பளித் துணிகள், நறுக்கின காகிதம் எல்லாவற்றையும் வீட்டு அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வைத்தேன், அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்று. உறிஞ்சத்தான் செய்தது. ஆனால் காகிதப் பொட்டலம் உள்ளே அவிழ்ந்துபோய், மூன்று வேளை சோற்றில் துணுக்குகள் வந்தன. அம்மா பல்லில் சிக்கினதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஏதோ எழுதியிருக்கே, உங்க சம்பள உயர்வா?"ன்னு கேட்டாள். திங்கட்கிழமை வகுப்பில் ஒத்திகை பார்த்தோம், காகிதம் நகரவில்லை. செவ்வாய்க்கிழமையும் நகரவில்லை. புதன்கிழமை அவள் முடி உலர்த்தும் கருவியைத் திருடிக்கொண்டு போய் ஊதினேன், துணுக்கெல்லாம் நன்றாகப் பறந்தது, ஆனால் ஊதின காற்றில் பறந்தது. அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. காகிதத்தைத் திருத்த முடியாதவன் பிள்ளைகளைத் திருத்தினேன். ஸ்கேலைக் காட்டினதும் நாற்பது பேரும் ஒரே குரலில் "ஒட்டிக்கிச்சு சார்" என்று சொல்ல வேண்டும், நகர்ந்தாலும் சரி, நகராவிட்டாலும் சரி. பிறகு கை தூக்குகிற பாடம். அது உனக்குத் தெரியும், நீயும் தூக்கினவள்தான். விருந்தாளிகள் வருகிற நாளில் கேள்வி கேட்டால் எல்லோரும் தூக்க வேண்டும், தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை, வாத்தியார் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். பின்னால் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆகா, வகுப்பு முழுக்க அறிவாளிகள் என்று தோன்றும். காகிதத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் எல்லோருமே வலது கை என்று அழுத்திச் சொல்லி வைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஸ்கேல்களை பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதன் மேல் என் பனியனைச் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன். போனால் கூக் அம்மையார் விருந்தாளிகளுக்காக எல்லா ஜன்னலையும் திறக்கச் சொல்லி, தரையை ஈரத்துணியால் துடைக்க வைத்திருக்கிறார். நோம் காலத்தில் ஜன்னலைத் திறக்கக் கூடாது, தரையில் தண்ணீர் காட்டக் கூடாது என்பது நம் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நான் அதைவிடப் பெரிய மேதாவித்தனம் ஒன்று பண்ணிக்கொண்டிருந்தேன். மேசைகள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பையைப் பிரித்து, ஸ்கேல், கம்பளி, காகிதம் மூன்றையும் பத்துக் குழுவுக்கும் கோணல் இல்லாமல் பரப்பி, முக்கால் மணி நேரம் முன்னாலேயே வைத்துவிட்டேன். மூன்று நாள் அரிசிக்குள் தவம் கிடந்த சாமான்கள் முக்கால் மணி நேரத்தில் மற்ற எல்லாவற்றையும்போல வியர்த்துவிட்டன. இருபத்தாறு வருஷ இயற்பியல் ஆசிரியர் என்று என்னைச் சொல்லிக்கொள்கிறேன் பார்.

பின்வரிசையில் ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார்ந்தவர்தான் மார்க் போடுகிறவர், குயெத் என்று பெயர், சின்ன மனிதர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். நான் தேய்ங்க என்றேன், பிள்ளைகள் தேய்த்தார்கள். கிட்டே கொண்டுபோங்க என்றேன், கொண்டுபோனார்கள். பத்து மேசையிலும் காகிதம் மத்தியானத்துப் பூனை மாதிரிப் படுத்திருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒட்டிக்கிச்சு சார்" என்று நாற்பது தொண்டையும் ஒன்றாக முழங்கின, எனக்கே ஒரு கணம் ஒட்டிக்கொண்டதோ என்று இருந்தது. குயெத் எழுந்து முன்வரிசை மேசைக்கு வந்தார், குனிந்தார், கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "எங்கப்பா ஒட்டிக்கிச்சு?"ன்னு மெதுவாகக் கேட்டார். அவர் நிமிர்ந்து, "சரி, ஒட்டினதைப் பார்த்தவங்க கை தூக்குங்க"ன்னார். முப்பத்தொன்பது வலது கைகள் எழுந்தன, மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு இடது கை. அது இயென் என்கிற பெண், படகுக்காரர் மகள், வாயே திறக்காதவள். தெரியாதவர் இடது கை என்பது விதி, அவள் ஒட்டினதைப் பார்க்கவில்லை, ஆகவே விதிப்படி இடது கையைத் தூக்கிவிட்டாள். குயெத்தும் ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர்தான், எந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "அந்த இடது கைப் பொண்ணு எழுந்திரும்மா, நீ என்ன பார்த்தே?"

இயென் எழுந்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எந்தப் பதில் வேண்டும் சார் என்று அந்தக் கண் கேட்டது. நான் லேசாகத் தலையை ஆட்டினால் போதும், அவளும் ஒட்டிக்கிச்சு என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள், முப்பத்தொன்பது சாட்சி ஏற்கனவே இருக்கிறது. இருபத்திரண்டு கிலோமீட்டரும் என் கண்ணுக்கு முன்னால் ஒரு கல் விடாமல் வந்து போனது. உன்னிடம் பொய் சொல்லவில்லை லுவா, ஆட்டிவிடத்தான் நினைத்தேன், கழுத்து பாதி வழி போய்விட்டது. ஆனால் அந்தப் பிள்ளையின் உதடு நடுங்குவதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு குழந்தை இவ்வளவு பயப்பட வேண்டுமென்றால், பயப்பட வைத்தவன் நான் என்ன வாத்தியார். நீ பார்த்ததைச் சொல்லும்மா என்றேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, "ஒண்ணும் நகரலை சார். திங்கக்கிழமையும் நகரலை, செவ்வாக்கிழமையும் நகரலை, நேத்து சார் ஊதினாங்க, அப்பதான் பறந்துச்சு. நகராட்டியும் ஒட்டிக்கிச்சுன்னு சொல்லச் சொன்னாங்க"ன்னு ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். உண்மையைச் சொல் என்றுதான் சொன்னேன், இவ்வளவு முழுசாகச் சொல் என்று சொல்லவில்லை. பின்வரிசையில் கூக் அம்மையார் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

போனது போச்சு, இனிமேல் போக என்ன இருக்கிறது என்று ஒரு தைரியம் வந்தது. சரி, ஏன் நகரவில்லை, சொல்லுங்கள் என்று கேட்டேன். கை தூக்க மறந்துபோய் ஆளாளுக்குக் கத்தினார்கள். "ஈரம் சார்." "எங்க வீட்டு உப்பெல்லாம் தண்ணியாப் போச்சு சார்." "ஸ்கேலே வழுக்குது சார், தொட்டுப் பாருங்க." அப்படியானால் என்ன செய்யலாம் என்றேன். காய வைக்கணும் என்றார்கள். எங்கே என்று கேட்டு வாயை மூடவில்லை, நாற்பது தலையும் திறந்திருந்த ஜன்னல் பக்கம் திரும்பின. வாசலில் உன் அம்மா கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். அடுத்த நிமிஷம் வகுப்பு வாசலில் இருந்தது, பின்னாலேயே ஐந்து விருந்தாளிகளும். அம்மா எங்களைப் பார்த்து, "ஏங்க, பாடம் எடுக்கச் சொன்னா ஸ்கேலைச் சுட்டுத் திங்க வந்தீங்களா? என் சோளத்துல பிளாஸ்டிக் நாத்தம் வந்தா எவன் வாங்குவான்?"னு கேட்டாள், கேட்டுக்கொண்டே சோளத்தை ஓரம் ஒதுக்கி இடம் விட்டாள். முதல் ஸ்கேல் இறால் மாதிரி வளைந்துபோனது. இரண்டாவதை இயென் வாங்கி, நெருப்புக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, திருப்பித் திருப்பிக் காட்டினாள், கம்பளியையும் காட்டினாள், காகிதத்தையும் அம்மாவின் தகர மூடிமேல் போட்டுச் சூடாக்கினாள். அந்த அனலுக்குள்ளேயே வைத்துத் தேய்த்தாள், கிட்டே கொண்டுபோனாள். ஒரு துணுக்கு, ஒன்றே ஒன்று, எம்பி வந்து ஸ்கேலில் ஒட்டிக்கொண்டு மூன்று எண்ணுகிற வரை இருந்தது.

அப்போது எழுந்த சத்தத்தைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். நான் புதன்கிழமை பழக்கிய சத்தம் ஒரே குரலில், ஒரே இழுப்பில் வரும், தொடங்குவதும் முடிவதும் ஒன்றாக இருக்கும். இது அப்படி இல்லை. ஒருத்தன் அய்யோ என்றான், ஒருத்தி தள்ளு தள்ளு என்றாள், இரண்டு பேர் நான்தான் முதலில் பார்த்தேன் என்று சண்டைக்குப் போனார்கள், ஒரு பையன் சும்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றான், உன் அம்மா விசிறியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் வகுப்பறையில் இருந்திருக்கிறேன், இந்த இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்குத்தான் கேட்டேன் என்றால் என் காதைப் பற்றி நீயே தெரிந்துகொள்.

குயெத் ஒரு சோளம் வாங்கித் தின்றார். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "சார், மனசாரச் சொல்றேன், நல்லா இருந்துச்சு. ஆனா உங்க பாடக்குறிப்புல அடுப்பு இல்லை, என் மார்க் தாள்ல அடுப்புக்குக் கட்டமும் இல்லை"ன்னு சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து ஊர் ஆசிரியை புரொஜெக்டரில் படம் ஓட்டியிருக்கிறாள், படத்தில் காகிதம் ஒவ்வொரு தடவையும் பறந்திருக்கிறது, முழு மார்க். நான் தேறவில்லை என்று திங்கட்கிழமை தாள் வந்தது, ஆகஸ்டிலிருந்து நான் அணைக்கரைப் பள்ளி. அம்மா அதைப் படித்துவிட்டு, "கடலுக்குப் பக்கத்துலயா? அங்க உங்க காகிதம் ஏழு ஜென்மத்துக்கும் பறக்காது"ன்னு சிரித்தாள், பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது நாற்பதாவது வலது கை. வருத்தம் இருக்கிறது. மத்தியானம் கருகின சோளம் இல்லாமல் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு வேறு ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நேற்று மத்தியானம் நீ பேசினாய் அல்லவா. நான் வழக்கம்போல ஒரு காதை நீட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். "நல்லா இருக்கேம்மா. நல்லா சாப்பிடறேன். எல்லாரும் நல்லவங்க." மூன்று வாக்கியம், இருபது மாதமாக அதே மூன்று, அதே வரிசை. அந்த ஒட்டிக்கிச்சு மாதிரியே அது ஒரே இழுப்பில் வந்தது. நேற்று வேலை நாள், உனக்குப் பின்னால் ஜன்னலில் பகல் வெளிச்சம் இருந்தது, நீ அந்த நேரத்தில் தொழிற்சாலையில் இருக்க வேண்டியவள். அந்த மூன்று வாக்கியமும் யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. ஹனோய் விமான நிலையத்தில் அம்மா கழிப்பறைக்குப் போன நேரத்தில் உன்னைத் தூண் பக்கம் இழுத்து நிறுத்தி, அம்மா தாங்க மாட்டாள், அங்கே எப்படி இருந்தாலும் இப்படிச் சொல் என்று ஒத்திகை பார்த்தவன் நான்தான். நீ தலையை ஆட்டினாய். நல்ல மாணவி, ஒரு சொல் மாறாமல் இன்றுவரை ஒப்பிக்கிறாய். மகளே, நான் நடத்தியதிலேயே மோசமான பாடம் அதுதான். இந்தக் கடிதத்தில் அதை அழித்துவிடுகிறேன். நீ பார்ப்பதைச் சொல். உடம்புக்கு என்ன, வேலை இருக்கிறதா, யாராவது ஏதாவது சொன்னார்களா, திரும்பி வர வேண்டும் போல இருக்கிறதா, எதுவாக இருந்தாலும் சொல். வரவேண்டும் என்றால் வா, ஏன் என்று கேட்கிற வேலையை நான் செய்ய மாட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு, மறைக்கக் கூடாது என்று அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். விமான நிலையத்துச் சங்கதிக்குத் திட்டு விழும் என்று வாசல் பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன். அவள் திட்டவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, "அவ அழுதுட்டு முகத்தைக் கழுவிட்டு வந்து உக்கார்றான்னு எனக்கு முதல் மாசமே தெரியும். முன்முடி நனைஞ்சிருக்கும். பெத்தவளுக்கு இது தெரியாதா? தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் நானும் சிரிச்சுப் பேசிட்டு வெச்சேன்"னு சொன்னாள். ஆக, நம் வீட்டில் மூன்று பேரும் மற்ற இரண்டு பேருக்காகக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். அதில் ஒன்றுமே தெரியாமல் தூக்கியவன் வாத்தியார் ஒருவன்தான்.

முன்னோர் மேடையில் ஊதுபத்தி ஏற்றி உன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டேன். தீக்குச்சியும் ஈரம், ஐந்தாவது குச்சியில்தான் பற்றியது, அதனால் கும்பிடு கொஞ்சம் நீளமாகவே அமைந்தது. உனக்கு ஒரு குறையும் வராது, வந்தாலும் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, முகத்தைக் கழுவாமல் அப்படியே வந்து உட்கார்.

என்றும் உன்
அப்பா குவாத்